போன வருட நீல அட்டை

ரேகுலாவுக்குப் பேச வராது என்று ஊரில் ஒரு எண்ணம் உண்டு. வராமல் இல்லை. வீட்டில் இருவருக்கும் சேர்த்து ஒருவன் பேசிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அவன் அவள் கணவன் மெல்க். கீழே ரயில் நிலையத்திலிருந்து எங்கள் மலை ஊருக்கு முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவன். பனி விழுந்து பாதை தெரியாத நாளிலும் ஒரு கையில் ஸ்டீயரிங்கும் மறு கையில் அரசியலுமாக வருவான்.

அவள் எங்கள் மலை ஊரான மேலூரிலேயே பிறந்தவள். பதினாறு வயதில் ஆற்றங்கரைத் துணி ஆலைக்கு வேலைக்குப் போனாள். ஆலையை மூடியபோது நாற்பத்திரண்டு. அதற்குப் பிறகு வீடுகளைத் துடைக்கிற வேலை. கடைசிப் பதினோரு வருடமாக ஒரே வீடு. ஏரிக்கரைப் பெருநகரத்திலிருந்து வரி குறைவென்று எங்கள் பக்கம் குடிவந்த வீடர்கேர் அவர்களுடையது. வாரத்தில் நான்கு நாள், பஸ்ஸில் கீழே போய்வருவாள். நல்ல மனிதர்தான், குறை சொல்லக்கூடாது. கிறிஸ்துமஸுக்கு உறையில் பணம் வைப்பார், ஜன்னல் துடைக்க ஏணியில் ஏறினால் வந்து பிடித்துக்கொள்வார்.

எங்கள் மாநிலத்தில் சட்டம் போடுவது மைதானத்தில். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டுரிமை உள்ளவர்கள் எல்லாரும் கீழே நகரச் சதுக்கத்தில் மரப்பலகையால் அமைத்த வட்டத்துக்குள் போய் நிற்போம். வரியைக் கூட்டுவதா குறைப்பதா என்பதுகூட அங்கேதான், வருடத்துக்கு ஒரு நிறத்தில் வரும் ஓட்டு அட்டையைத் தூக்கித்தான். யார் வேண்டுமானாலும் தனி ஆளாகத் தீர்மானம் எழுதி அனுப்பலாம். மெல்க் வருடம் தவறாமல் எழுதினான். நாய்க் கழிவுக்குப் பெட்டி, மாதா கோவில் மணியைக் காலை ஏழுக்கு முன் அடிக்காதிருத்தல் என்று என்னென்னவோ. எல்லாம் தோற்றன. ‘மனு மெல்க்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவனும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பான்.

கடைசியாக எழுதியது மட்டும் விளையாட்டில்லை. மலை ஊர்களுக்கான பஸ்ஸை டிசம்பரோடு நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. காசில்லையாம். மெல்க் சமையலறை மேஜையில் உட்கார்ந்து மூன்று வாரம் எழுதினான்: வருடத்துக்கு மூன்று லட்சம் பிராங்குக்கு மேல் சம்பாதிப்பவர்கள், அதற்கு மேல் வரும் வருமானத்துக்கு நூற்றுக்கு இரண்டு பிராங்க் கூடுதல் வரி கட்ட வேண்டும், அதில் பஸ் ஓட வேண்டும்.

“நூத்துக்கு ரெண்டுடி. அவங்க நாய்க்குப் போடுற பிஸ்கட் காசு வருமா?” என்றான்.

“வீடர்கேர் போயிடுவாரே,” என்றாள் ரேகுலா.

“போகட்டும். போறவர் வீட்டையும் தூக்கிட்டுப் போவாரா? வேற யாராவது வருவாங்க. தூசி எங்க போகப்போகுது?”

“நீ பேசுவ. துடைக்கப்போறது நான்.”

“கை தூக்குவியா மாட்டியா, அதச் சொல்லு.”

அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அந்தக் கேள்வியை அவன் கேட்டது அதுதான் கடைசி. பிப்ரவரியில், வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது விழுந்தான். ஆஸ்பத்திரியில் நான்கு நாள். பேச்சு போய்விட்டது, வலது கை மட்டும் அவ்வப்போது மேலே எழும்பும். எதைக் கேட்கிறான் என்று யாருக்கும் புரியவில்லை. ஐந்தாம் நாள் அது எழும்பி அப்படியே நின்றது. நர்ஸ் வருவதற்குள் ரேகுலாவே அதைப் பிடித்து மெல்ல இறக்கிப் போர்வைமேல் வைத்தாள். நர்ஸ் வந்து பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது.

பிறகு அவளுக்கு எதுவும் வரவில்லை. அழுகை வரவில்லை, பசி வரவில்லை, கோபமும் இல்லை. வேலைக்குப் போனாள். ஜன்னல்கள் பளபளத்தன. பக்கத்து வீட்டு டோரா, “கல்லாட்டம் இருக்கியேடி, ஒரு தடவையாவது அழுதுடு,” என்று மன்றாடினாள். “வந்தா அழுறேன்,” என்றாள் ரேகுலா.

தீர்மானம் கொடுத்தவன் போனாலும் தீர்மானம் போகாது. ஏப்ரலில் தடித்த புத்தகமாக அச்சடித்து வீடு வீடாக வந்தது, பதினான்காவது பக்கத்தில் மெல்க்கின் பெயரோடு. வீடர்கேர் வீட்டுக்கும் ஒன்று போயிருந்தது.

“ரேகுலா, ஒரு நிமிஷம் உக்காருங்க,” என்றார் அவர். அவள் துடைப்பத்தோடு நின்றாள். “உங்க வீட்டுக்காரர் மேல எனக்கு வருத்தமே இல்ல. ஆனா இந்த ஊர் வரியில அஞ்சுல ஒரு பங்கு ஏற்கெனவே நான் கட்டுறது. பஸ்ல ஒரு நாளும் ஏறினதில்ல, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை அனுப்பினதில்ல. இன்னும் கட்டுன்னா, அடுத்த மாநிலத்துக்குப் போறதுதான் எனக்குக் கணக்கு. இத மிரட்டலா எடுத்துக்காதீங்க. முன்கூட்டிச் சொல்றதுதான் மரியாதை.”

“சரிங்க,” என்றாள். பிறகு மாடிப்படியைத் துடைத்தாள்.

ஆக விஷயம் இவ்வளவுதான். தீர்மானம் ஜெயித்தால் வேலை போகும். தோற்றால் பஸ் போகும், மெல்க் எழுதியதும் போகும். வட்டத்துக்குள் கை தூக்குவது ஊரறியத் தூக்குவது. முதலாளி பின்னால் நின்று பார்க்கலாம். ஒளிவுமறைவு இல்லாத ஜனநாயகம் என்று நாங்கள் பெருமை பேசுவோம். மாதச் சம்பளம் வாங்குகிறவளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை. ரேகுலா பீரோவைத் திறந்து, கை போன இடத்தில் இருந்த கோட்டை எடுத்து மாட்டினாள். பாதி வழியில்தான் தெரிந்தது அது மெல்க்குடையது என்று. வருடத்தில் அந்த ஒரு நாளுக்கு மட்டும் அவன் போடும் தடித்த கம்பளிக் கோட்டு. கழற்றத் தோன்றவில்லை. வட்டத்து வாசலில் தன் இந்த வருட ஆரஞ்சு அட்டையைக் காட்டிவிட்டு, கோட்டின் இடது பைக்குள் போட்டுக்கொண்டாள். வீடர்கேர் இரண்டு வரிசை பின்னால் நின்றார். தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்.

மாநிலத் தலைவர் வழக்கப்படி வாளை ஊன்றி மேடையில் நின்றார். பதினான்காம் பக்கம் பதினொன்றரைக்கு வந்தது. மாடு வளர்க்கும் யோரி முதலில் ஏறினான்.

“பணக்காரன் என்ன என் மாடா, மணி கட்டித் தேடிக் கண்டுபிடிக்க? வேலி திறந்திருக்கு, போயிடுவான். அவன் போனா அவன் பங்கும் நம்ம தலையிலதான் விழும். மெல்க் நல்லவன்தான், ஆனா கணக்குல வீக்கு!”

சிரிப்பு எழுந்தது. அடுத்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, மழையில் முகம் நனைய ஏறினாள். “வரி கட்டிட்டு நான் மாசக் கடைசில உருளைக்கிழங்கு திங்குறேன். அவங்க வரி கட்டிட்டு இன்னொரு வீடு வாங்குறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வலின்னு சொல்லாதீங்க. ஓடிப்போவாங்க, ஓடிப்போவாங்கன்னு பயந்துகிட்டே இருந்தா, இங்க சட்டம் போடுறது நாமளா, அவங்க சாமான் ஏத்துற லாரியா?”

“குடையை மடக்குங்கப்பா, ஒண்ணும் தெரியல!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். குடைகள் மடங்கின. தலைவர் சொன்னார், “ஆதரிப்போர்.”

ஆரஞ்சு அட்டைகள் எழும்பின. ரேகுலாவின் கை எழும்பவில்லை. பயம் என்று சொல்ல முடியாது, பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். கை பைக்குள் கிடந்தது, யாரோ ஒருவருடைய கையைப் போல. “எதிர்ப்போர்.” அப்போதும் கிடந்தது.

எங்கள் மாநிலத்தில் கைகளை எண்ணுவது கிடையாது. தலைவர் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. அவர் பார்த்தார், தலையை ஆட்டினார், “மறுபடியும்,” என்றார். அப்படியென்றால் மயிரிழை வித்தியாசம். 

“ஆதரிப்போர்.”

இந்த முறை ரேகுலாவின் கை மேலே போனது. யோசித்துத் தூக்கவில்லை. பைக்குள் விரலில் பட்ட அட்டையோடு எழும்பி, தலைக்கு மேலே நின்றது.

“ஐயோ ரேகுலா, நீலம்!” டோரா அவள் விலாவில் இடித்தாள். “அது போன வருஷத்து அட்டைடி! கீழ போடு, உன்னோடத எடு, சீக்கிரம்!”

அண்ணாந்து பார்த்தாள். நீலம். போன வருடம் மெல்க் தூக்கிவிட்டு, இந்தக் கோட்டிலேயே மறந்துவிட்ட அட்டை. அவளுடைய ஆரஞ்சு, இடது கையில், மற்றப் பைக்குள் இருந்தது. நேரம் இருந்தது. தலைவர் இடப்பக்க ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நீலத்தை இறக்கி ஆரஞ்சைத் தூக்கியிருக்கலாம். இறக்கவில்லை. மழை அவள் கைவழியே கோட்டுக்குள் ஓடியது.

எதிர்ப்போரும் தூக்கினார்கள். தலைவர் சக அமைச்சர்கள் நால்வரை மேடைக்கு அழைத்தார். ஐந்து தலைகள் கூடிப் பேசின. பிறகு சொன்னார், “தீர்மானம் தோற்றது.” எத்தனை கை வித்தியாசத்தில் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. முந்நூறாக இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம்.

கூட்டம் கலைந்து எல்லாரும் சாப்பிடப் போனோம். அந்த நாளுக்கென்றே உள்ள கன்றிறைச்சி சாசேஜ், மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த உலர் பிளம்ஸ். ரேகுலா போகவில்லை, பஸ் நிறுத்தத்தில் நின்றாள். வீடர்கேர் குடையோடு வந்தார்.

“ரேகுலா, நான் பார்த்தேன். மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. போன வருஷ அட்டை, செல்லாத ஓட்டு. நானும் கணக்குல எடுத்துக்கல.” அவர் உண்மையிலேயே அன்பாகத்தான் சொன்னார்.

“செல்லாதுதாங்க.”

“மறந்து எடுத்துட்டீங்களா?”

“எடுத்தது மறந்துதான். அப்புறம் டோரா சொன்னா. என்னோடது இந்தக் கையில இருந்துச்சு.” கையை விரித்தாள். ஆரஞ்சு அட்டை கசங்கி உருண்டையாகியிருந்தது.

“அப்ப ஏன் மாத்தல?”

“மேல இருந்தது மெல்க்கோட கை மாதிரி இருந்துச்சுங்க. ஒரு தடவை இறக்கி வச்சுட்டேன். இன்னொரு தடவை முடியல.”

அவர் குடையைக் கைமாற்றிக்கொண்டார். “பஸ் நின்னதுக்கப்புறம் நான் கார் எடுத்துட்டு வரேன், திங்கள் காலையில,” என்றார்.

“டிசம்பர் வரைக்கும் பஸ் இருக்குங்க.”

பஸ் வந்தது. ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் எப்போதும் உட்காரும் இடம். இரண்டாவது வளைவு தாண்டும்போது மெல்க் என்ன சொல்வான் என்று நினைத்துப் பார்த்தாள். அவள் சொன்னதைக் கேட்டு உருகியிருக்க மாட்டான். வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பான். ‘அடிப் பைத்தியக்காரி, செல்லுற அட்டையைக் கையில வச்சுகிட்டு என்னோட குப்பையத் தூக்கிட்டு நின்னியா? ஒரே ஒரு ஓட்டுடி!’ மேலூர் வரும்வரை திட்டியிருப்பான். அடுத்த வருடம் மறுபடி எழுதுவதற்கு இன்றைக்கே காகிதம் எடுத்திருப்பான்.

அவள் காத்திருந்தாள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து யாரும் திட்டவில்லை. ஓட்டுநர் பையன் கியரை மாற்றினான், அவ்வளவுதான். மூன்றாவது வளைவில், பிப்ரவரியிலிருந்து வராதிருந்த அழுகை வந்தது.