சீனி டப்பாவில் பேதி உப்பு

என் அப்பா திண்டுக்கல்லில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இரசாயன வாத்தியார். வகுப்பில் நடத்தி மிச்சமானதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். உலகத்தில் இருப்பதெல்லாம் தனிமம், சேர்மம், கலவை என்ற மூன்றுக்குள் அடங்கியாக வேண்டும். எங்கள் சாப்பாட்டுத் தட்டும் அதற்கு விலக்கில்லை. தண்ணீர்? சேர்மம். மோர்? கலவை. மெழுகு உருகுவது பௌதிக மாற்றம், திரி எரிவது இரசாயன மாற்றம். எனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. தம்பிக்கு ஒன்றும் மண்டையில் ஏறாது. தப்பாகச் சொன்னால் சோறு பிசையும் கையிலேயே கரண்டியால் ஓர் அடி விழும். அவன் அழுதுகொண்டே சாப்பிடுவான். நான் சரியாகச் சொன்னால் அப்பா பேசாமல் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அடி விழாததே எனக்குப் பாராட்டு.

சீனிக்குத் தட்டுப்பாடான வருஷங்கள் அவை. ரேஷனில் கிடைப்பது அப்பாவின் காபிக்கு மட்டும், எங்களுக்குக் கருப்பட்டி. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டப்பாவைத் திறந்தவர், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார். பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருக்கலாம். பூட்டு திருட்டைத் தடுக்கும், திருடனைக் காட்டாது என்றார். அவருக்குத் திருடன்தான் வேண்டும். எங்கள் இருவரையும் சுவரோரமாக நிற்க வைத்தார்.

"எடுத்தது யாருன்னு நாளைக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சதும் படிப்ப நிறுத்திருவேன். இவனா இருந்தா தோல் பதனிடுற ஷாப்பு வேலைக்கு, இவளா இருந்தா அடுப்படிக்கு."

சொன்னால் செய்கிற ஆள். தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். யார் எடுத்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் எங்களுக்குப் பள்ளி இல்லை. அப்பா மட்டும் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கக் கிளம்பினார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு மிரட்டலுக்குப் பிறகும் தம்பியின் நாக்கு அடங்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை. அம்மா துணி காயப்போட்ட நேரத்தில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். கசந்ததாம். ரேஷன் சீனி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தானாம், மடையன். மத்தியானத்துக்குள் கொல்லைக்கும் வீட்டுக்குமாக ஓட ஆரம்பித்தான்.

அம்மா டப்பாவைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். முந்தின ராத்திரியே பள்ளி ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பேதி உப்பைக் கொண்டுவந்து அப்பா கலந்திருந்தார். இரண்டும் வெள்ளை, இரண்டும் பளபளவென்று பொடிப்பொடியாக இருக்கும், இரண்டும் தண்ணீரில் கரையும். கலந்துவிட்டால் கண்ணால் பார்த்து இது சீனி, இது உப்பு என்று சொல்ல யாராலும் முடியாது. வயிறு மட்டும் சொல்லிவிடும். நியாயமாகப் பேசினால், நல்ல பரிசோதனைதான்.

அம்மா கொல்லைப் பக்கம் தம்பியை எட்டிப் பார்த்தாள். பிறகு இரண்டு டம்ளர் தண்ணீரில் அதை அள்ளிப் போட்டுக் கலக்கி, ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"நான் எடுக்கலையேம்மா."

"தெரியும். மூணு பேருக்கும் வயித்தால போனா எடுத்தது யாருன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்? குடி."

அப்பாவின் கணக்கையே அம்மா கவிழ்த்துவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். அவளும் குடித்தாள்.

அன்று பார்த்து ஆத்தூர் அணைத் தண்ணீர் குழாயில் வரவில்லை. திண்டுக்கல் வெயிலில், ஒரே ஒரு அண்டாத் தண்ணீரை வைத்துக்கொண்டு மூன்று பேரும் பட்ட பாட்டை விவரிக்க வேண்டாம். சாயங்காலம் அப்பா வந்தபோது ஆளுக்கொரு மூலையில் துவண்டு கிடந்தோம். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தான்தான் சீனியை எடுத்ததாகவும், பிள்ளைகளுக்கும் கொடுத்ததாகவும் அம்மா சொன்னாள். அடி தனக்கு விழும், அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்திருப்பாள். அப்பா அடிக்கவில்லை. சொன்ன சொல் என்னாவது என்றுதான் அவர் யோசித்தார்.

"ரெண்டு பேரையும் நிறுத்த முடியாது. அவன் ஆம்பளப் பிள்ளை, படிக்கணும். இவ திங்கக்கிழமையிலருந்து வீட்டோட இருக்கட்டும்."

நான் எடுக்கவில்லை என்றேன். எல்லாத் திருடர்களும் இதைத்தான் சொல்வார்கள் என்றார். அம்மாவைப் பார்த்தேன். இவளுக்கு நான்தான் கலக்கிக் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் திருடனாக மிஞ்சுவது தம்பி. அவள் குனிந்து அவன் கால்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். நானாவது அவனைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். தோல் ஷாப்புச் சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு நடுவில் அவனை நினைத்துப் பார்த்தேன், வாய் வரவில்லை. என்மேலேயே எனக்கு வந்த அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

திங்கட்கிழமை காலையில் தம்பி பையை மாட்டிக்கொண்டு போனான். நான் தலை பின்னி, தாவணி கட்டி, வாசலில் நின்றேன். அப்பா என்னைத் தாண்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார். அம்மா வந்து என் கையிலிருந்த புத்தகங்களை வாங்கிக்கொண்டாள்.

"நீ கெட்டிக்காரிடி. படிக்காட்டியும் பொழச்சுக்குவ. அவனுக்குப் படிப்பும் இல்லேன்னா என்ன இருக்கு?"

என்னைக் கெட்டிக்காரி என்று அந்த வீட்டில் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.