வகுப்பு வாசலில் மண்டையோடு

போன ஒக்டோபர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. காலை ஏழரை மணி. ஒரு நேசறிப் பள்ளிக்கூட முற்றத்தில் ஒன்பது பிள்ளைகள் வகுப்புக்குள் போகாமல் நிற்கிறார்கள். வானை நிறுத்திவிட்டு நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

வான் என்னுடையதில்லை. கூட்டாளி ஒருவர் கால் முறிந்து படுத்ததால் ஒரு மாதம் அவருடைய பள்ளிக்கூட வானை ஓட்டினேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்... உப்பளம், அரிசி ஆலை, லொறி, மேசனுக்குக் கையாள் என்று நான் பார்க்காத வேலை குறைவு. எனக்கு ஒரு மாதம் என்பதே நீண்ட உத்தியோகம். பளைப் பக்கம் பிள்ளைகளை ஏற்றி, ஆனையிறவு தாண்டி, பரந்தன் பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் நேசறியில் இறக்க வேண்டும். அவ்வளவுதான்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. முற்றத்து மணல் ஈரம். பிள்ளைகள் கேற்றடியில் இறங்கி வரிசையாகப் போனார்கள். முன்னால் போனவள் துஷாளினி, ஐந்து வயது. வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது சட்டென்று நின்றாள். இரண்டு கைகளையும் விரித்துப் பின்னால் வந்தவர்களை மறித்தாள்.

வகுப்புக் கதவில் ஒரு சிவப்புக் காகித மட்டை. அதில் வெள்ளையாக ஒரு மண்டையோடு. கீழே குறுக்கே இரண்டு எலும்பு.

"ஒருத்தரும் அசையாதேங்கோ," என்றாள் துஷாளினி. "வந்த காலடியில திரும்பிப் போகோணும்."

போனார்கள். ஈர மணலில் பதிந்திருந்த தங்கள் காலடிகளிலேயே கால் வைத்து, ஒருவரை ஒருவர் தள்ளாமல், ஒவ்வொருவராகக் கேற்றடிக்குத் திரும்பி வந்தார்கள். தண்ணீர்ப் பைப்படியில் வரிசை என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள் இவர்கள். ஒருவனின் சப்பாத்து வழியில் கழன்றது. அவன் குனியவில்லை. விட்டுவிட்டு வந்தான்.

துஷாளினி என் முன்னால் வந்து நின்றாள். "மாமா, அங்க போட் போட்டிருக்கு. பெரியாக்களுக்குச் சொல்லோணும். நீங்கள் சொல்லுங்கோ."

நான் யாருக்குச் சொல்ல?

வன்னிக்கு வெளியே இருந்து வாசிக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பளைக்கு அங்கால், முகமாலைப் பக்கம், போர்க்காலத்து மிதிவெடி எடுத்து முடியாத காணிகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் காணிகளின் ஓரத்தில் சிவப்புப் பலகை நட்டிருப்பார்கள்; துஷாளினி சொன்ன 'போட்' அதுதான். மண்டையோடும் எலும்பும். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் விளங்க வேண்டும் என்றுதான் அந்தப் படம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் 'அ' எழுத முன்னரே இதைப் படித்துவிடுகிறார்கள். கண்டால் நில். உள்ளே போகாதே. வந்த காலடியில் திரும்பு. பெரியவருக்குச் சொல்.

துஷாளினிக்கு இது மற்றப் பிள்ளைகளைவிடக் கூடத் தெரியும். அவளுடைய அம்மா யோகா, மிதிவெடி எடுக்கும் வேலைக்குப் போகிறவர். வீட்டுப் பின்வேலிக்கு அப்பால், நாலாவது காணியில் அந்தப் பலகை நிற்கிறது.

இந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கார்த்திகா ரீச்சர் வெளியே வந்தார். இருபத்துமூன்று வயது, பூநகரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். தலையில் கறுப்பு மட்டையில் செய்த கூர்த்தொப்பி. வெள்ளிக்கிழமை ஹலோவீன் பார்ட்டியாம். அதற்காக இரண்டு நாளாக இருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார். பிள்ளைகள் பேய்க்குப் பயந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். பேய் இல்லை செல்லங்கள், சும்மா படம், வாங்கோ வாங்கோ...

துஷாளினி கேற்றுக்கு வெளியே நின்றபடி கத்திச் சொன்னாள். "ரீச்சர், நீங்கள் உள்ளுக்க நிக்கிறியள். அசையாதேங்கோ. ஆக்கள் வந்து கூட்டிக்கொண்டு போவினம்."

ரீச்சரின் சிரிப்பு அப்படியே நின்றது. திரும்பிக் கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூநகரிப் பிள்ளை. அவரும் அந்தப் பலகையைப் பார்த்து வளர்ந்தவர்தான். ஃபோனில் படம் பார்த்து வெட்டும்போது அது வேறு, இது வேறு என்று மனம் பிரித்து வைத்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மட்டையைக் கழற்றினார். உள்ளே ஒட்டியிருந்த மற்ற மண்டையோடுகளையும் கழற்றினார். அரை மணித்தியாலத்தில் எட்டுப் பேர் உள்ளே போய்விட்டார்கள். துஷாளினி மட்டும் போகவில்லை. எவ்வளவு கேட்டும் ஒரே பதில்தான்.

"போட்டைக் கழட்டினா வெடி போயிடுமோ?"

அவளைத் திரும்ப வானில் ஏற்றினேன்.

பள்ளிக்கூடத்தில் பண்டிகையே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. நான் படித்தது எட்டாம் வகுப்பு மட்டும். அதற்குள் ஏழு பள்ளிக்கூடம். இரண்டு மரத்தடி, ஒன்று கூடாரம். கூடாரப் பள்ளிக்கூடத்தில் என்ன படிப்பித்தார்கள் என்று ஒரு வரிகூட ஞாபகமில்லை. வாணி விழாவுக்கு, அதுதான் சரஸ்வதி பூசைக்கு, உள்ளங்கை நிறைய அவலும் கடலையும் தந்தது ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குப் பின்னேரம் வரை பசிக்கவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு போதுமே ஒரு பண்டிகைக்கு?

ஆனால் இப்போதைய நேசறிகளைப் பார்த்தால் களைப்பாக இருக்கிறது. வானுக்குள் நடக்கிற கதை முழுக்க அதுதான். பொங்கலுக்குப் பட்டு. வெசாக்குக்கு விளக்குக் கூடு. சிறுவர் தினம், ஆசிரியர் தினம், வாணி விழா, ஒளி விழா. இடையில் மஞ்சள் நிற நாள், பச்சை நிற நாள். மஞ்சள் நாளில் வெறும் கையோடு வந்த பிள்ளைக்கு நான் ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்... அதுவும் மஞ்சள்தானே! இப்போது ஹலோவீன். செத்தவர்களை நினைக்க வன்னிக்குப் புதிதாக ஒரு நாள் தேவையா? நவம்பர் பிறந்தால் கிறிஸ்தவர்கள் சேமக்காலைக் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். மாதம் முடிய முன்னர் மற்றவர்களும் போரில் செத்தவர்களுக்கு விளக்கேற்றுகிறார்கள். எங்களிடம் இல்லாதது பேய் அல்ல.

சரி, கதைக்கு வருகிறேன்.

அன்று பின்னேரம் யோகா என்னைத் தேடி வந்தார். வேலைக்கு விடிய முன்னர் போய், மத்தியானம் தாண்டித் திரும்புகிறவர். முழங்கால் மடித்து நாள் முழுக்க மண்ணைச் சுரண்டுகிற வேலை. வெயிலில் முகத்துக்கு முன்னால் கண்ணாடிக் கவசம் வேறு. களைத்துப்போய்த்தான் வந்தார். ரீச்சர் ஃபோனில் கதைத்தாவாம். மன்னிப்பும் கேட்டாவாம். அது விளையாட்டுப் படம், பயப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளைக்கு நீங்களே ஒருக்கால் சொல்லிவிடுங்கோ, நீங்கள் சொன்னால் கேட்பாள் என்றாவாம்.

சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லையாம்.

புதன்கிழமை பெற்றோர் கூட்டம். வானோட்டிக்கு அங்கே வேலையில்லை; ஆனால் பெற்றோரை ஏற்றிக்கொண்டு போனவன் நான்தான். பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் பெரியவர்கள் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். நேசறியை நடத்துகிற மிஸ், கொழும்பில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் செய்கிறார்கள், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வளரும் என்று ஆரம்பித்தார். உரக்கடை வைத்திருக்கும் ஒரு தகப்பன் எழும்பினார். வெள்ளைக்காரனின் பேய் எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு, பண்பாடு என்ன ஆகிறது என்று நீளமாகக் கேட்டார்.

"உங்கட அண்ணன்ர பிள்ளையள் கனடாவில பேயுடுப்புப் போட்ட படத்தை நீங்கள்தானே வட்சப் குறூப்பில போட்டனீங்கள்," என்றார் பின்னாலிருந்து ஒரு தாய். "அதுக்குக் கீழ நாலு பூவும் வேற."

உரக்கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

கிளிநொச்சியில் புடவைக்கடை நடத்தும் றிஸ்வானா மெதுவாகத்தான் கதைத்தார். வாணி விழா அன்றைக்குப் பூசை முடியும்வரை தன் மகள் வெளி விறாந்தையில் தனியே இருந்து படம் கீறியதைப் பற்றித் தான் இதுவரை ஒரு கூட்டத்திலும் சொன்னதில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "பேய் எண்டாலாவது எல்லாருக்கும் பொதுதானே," என்றார். சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்கள்.

மிஸ் துஷாளினியின் விசயத்துக்கு வந்தார். எட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், ஒரு பிள்ளைதான், தாய் நினைத்தால் ஒரு நிமிட வேலை என்றார். எல்லோரும் யோகாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

யோகா எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"நான் விளையாட்டு எண்டு சொன்னா அவள் நம்புவாள், மிஸ். நான் என்ன சொன்னாலும் நம்புவாள். அதுதான் எனக்குப் பயம்."

மடியிலிருந்த கைப்பையைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார்.

"நாளைக்கு வேலிக்கு அங்கால நிக்கிற போட்டைப் பாத்து, இதுவும் அம்மா சொன்ன விளையாட்டு எண்டு நினைச்சாளெண்டா... அந்த நேரம் நான் வேலையில நிப்பன். எனக்கு அவள் இங்கிலீஷ் படிக்கோணும். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் அனுப்புறன். ஆனா அந்தப் படத்துக்கு ரெண்டு அர்த்தம் அவளுக்குத் தெரிய வேண்டாம். ஒண்டு போதும்."

கார்த்திகா ரீச்சர் கண்ணைத் துடைத்தார். பார்ட்டியை நிறுத்தினால் மற்றப் பிள்ளைகள் அழுவார்கள் என்றார் மிஸ். தொப்பி எல்லாம் செய்தாகிவிட்டது. கடைசியில் மண்டையோடும் எலும்பும் இல்லாமல் செய்வது என்று முடிவானது. பூனை, தொப்பி, மூஞ்சி வெட்டின பூசணிக்காய் போதும். குருவி விரட்டும் தோட்டத்து வெருளிக்கும் அந்தப் பூசணிக்காய்க்கும் என்ன வித்தியாசம் என்று உரக்கடைக்காரர் முணுமுணுத்தார்.

ஆனால் துஷாளினி வர வேண்டுமே? வியாழக்கிழமையும் அவள் வானில் ஏறவில்லை. இப்படியே போனால் அவளுடைய இங்கிலீஷ் இத்தோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை யோகா லீவு போட்டார். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வானில் ஏறினார். கேற்றடியில் இறங்கியதும் துஷாளினி நின்றுவிட்டாள். மிஸ்ஸே வெளியே வந்து, எல்லாப் படத்தையும் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை, தானே பார்த்ததாகச் சொன்னார். துஷாளினி மிஸ்ஸைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"ஆர் பாத்தது?"

யோகா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "நான் பாக்கிறன். நீ இதில நில்."

உள்ளே போனார். ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு வருவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் அப்படிச் செய்யவில்லை. வாசலின் இடது மூலையில் தொடங்கினார். சுவரோரமாக நேரே போய், ஓரடி தள்ளித் திரும்பி வந்து, மறுபடி நேரே போனார். கதிரை ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, தூக்கிய இடத்திலேயே வைத்தார். விளையாட்டுப் பெட்டியின் அடி. பாயின் கீழ். அலுமாரிக்குப் பின்னால் முழங்காலை ஊன்றிக் கையை விட்டுப் பார்த்தார். அலங்கரித்த மேசையில் கேக் காத்திருந்தது. பேயும் பூனையுமாக வேசம் போட்டு வந்த பிள்ளைகள் முற்றத்தில் அசையாமல் நின்றார்கள். பார்ட்டிக்கு வந்திருந்த உரக்கடைக்காரர் முதலில் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரிக்கப் போனார். பிறகு அவரும் சும்மா நின்றார்.

கால் மணித்தியாலம் எடுத்தது.

யோகா வாசலுக்கு வந்தார். "பாத்திட்டன். வா."

"முழுக்கவோ?"

"முழுக்க."

துஷாளினி நடந்தாள். முற்றத்தைத் தாண்டி, வாசல்படியில் ஏறி உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் ஊரைத் தூக்கியது.

ஆக, பள்ளிக்கூடங்களில் ஹலோவீன் கொண்டாடலாமா? என்னைக் கேட்டால் எதையும் கொண்டாடட்டும். றிஸ்வானாவின் மகளை விறாந்தையில் இருத்தாமல் கொண்டாடட்டும். கதவில் எதையாவது ஒட்ட முன்னர், அந்தக் கதவுக்கு எந்த ஊரிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஒருக்கால் யோசிக்கட்டும். அதற்கு மேல் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது.

பார்ட்டி முடியும்வரை யோகா வானின் முன்சீற்றில் வந்து இருந்தார். பிறகு கைப்பையைத் திறந்து, நாலாக மடித்து வைத்திருந்த, மண்டையோடு போட்ட ஒரு சிவப்பு மட்டையை எடுத்து எனக்குக் காட்டினார். அலுமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம்.

"எப்பவும் ஒண்டு விடுபடும், அண்ணை."