பீரோ கதவில் மீன்கண்

சாய்பிரியாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கொல்கத்தாவின் டாக்குரியாவில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு அவள் குடிவந்த அன்றே எனக்கு அது தெரிந்துவிட்டது. கொடுத்த காபியை நின்றுகொண்டே குடித்தாள். பேச்சினிடையே ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "பிரைமர் அடிக்காம பெயிண்ட் அடிச்சிருக்காங்கக்கா" என்றாள். அடித்தவர் என் கணவர். வந்ததும் வராததுமாகக் குறை சொல்கிறதே இந்தப் பெண் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் சொன்னது சரிதான் என்பதில் எரிச்சல் கொஞ்சம் கூடியது.

விருதுநகர்ப் பெண். பெயிண்ட் தொழில்நுட்பம் படித்தவள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும், கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொண்டு கொல்கத்தாவுக்கு ஓடிவந்துவிட்டாள். ஹவுராவில் ஸ்டீல் பீரோ செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. காலையில் சியால்தாவுக்கு லோக்கல் ரயில், அங்கிருந்து ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோ. வங்காளம் கற்றுத்தருகிறேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தாய்மொழி மாதிரி. அவளுக்குப் பாடம் கேட்கப் பொறுமை இல்லை.

பொறுமை தேவைப்படவும் இல்லை, ஏனென்றால் தொழிற்சாலையில் அவளுக்கு ஆமினா கிடைத்துவிட்டாள். ஆமினாவின் வாப்பா கீழக்கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்து ஹவுராவிலேயே தங்கிவிட்டவர். பிறந்தது, படித்தது, கட்டிக்கொண்டது எல்லாம் அவளுக்கு அங்கேதான். கணவர் முதுகு அடிபட்டு வீட்டோடு ஆனபின், நாலு பேர் சாப்பாடும் அவள் வேலையை நம்பித்தான். பீரோ கதவுகளைத் தூக்கிக் கொக்கியில் மாட்டி, மருந்துத் தண்ணீரில் கழுவி, பெயிண்ட் அறைக்கு அனுப்புவது அவள் வேலை. அந்த இடத்தில் தமிழ் பேசும் இரண்டே பேர் இவர்கள். ஆமினா கொண்டுவரும் மீன் குழம்பில் பாதி இவளுக்குத்தான் போகும். "ஆமினாக்கா இல்லேன்னா நான் ஊமைதான்க்கா" என்று என்னிடம் அடிக்கடி சொல்வாள்.

மதியம் சாப்பிட்டதும் அங்கே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து, எண்ணெய் தடவிச் சீவி, மறுபடி முடிந்துகொள்வார்கள். அந்தப் புழுக்கத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வு அது. பிறகு கையைப் புடவையில் துடைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். கையுறை போட்டால் ஈரத் தகடு வழுக்கும் என்பதால் வெறுங்கைதான். எப்போதாவது ஒரு கதவில் எண்ணெய்க் கைரேகை விழும். சரியாகக் கழுவாத கதவாக இருந்தால் அந்தக் கறை பெயிண்டுக்கு அடியில் நிற்கும்.

சாய்பிரியா என்ன செய்திருக்க வேண்டும்? மதியம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லியிருக்கலாம். கதவை ஒழுங்காகக் கழுவச் சொல்லியிருக்கலாம். அதெல்லாம் நாளாகும் வேலை, அம்மணிக்கு அன்றே முடிய வேண்டும். தலைக்கு எண்ணெயே கூடாது என்று உத்தரவு போட்டாள். தலை காய்ந்துபோகும் என்று பெண்கள் முணுமுணுத்ததும், தான் தடவும் கிரீமையே முதலாளி மித்ரா பாபுவிடம் சொல்லி எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தாள். பாட்டிலில் தேங்காய்ப் பால் படம், 'பிசுக்கே இல்லை' என்ற வாசகம். எனக்கும் ஒன்று தந்தாள். பொய் சொல்வானேன், என் நரைத்த முடிகூடப் பட்டுநூல் மாதிரி வழுக்கியது.

அதற்குப் பிறகுதான் கதவுகளில் மீன்கண் வந்தது. அடித்த பெயிண்ட் படராமல் அங்கங்கே விலகி, நடுவில் தகடு தெரிய வட்டவட்டமாகக் குழி விழும். தொழிலில் அதற்கு அதுதான் பெயர். கல்யாண சீசனுக்காக பவானிபூர் கடைக்குப் போன பீரோக்கள் அப்படியே திரும்பி வந்தன. யாரோ திருட்டுத்தனமாக எண்ணெய் தடவுகிறாள் என்று சாய்பிரியா முடிவு கட்டினாள். ஆமினா மாட்டிய கதவுகளில்தான் குழிகள் அதிகம்.

"ஆமினாக்கா, உண்மையச் சொல்லுங்க. வீட்ல எண்ணெ வச்சுக்கிறீங்களா?"

"அல்லா மேல ஆணையா இல்ல புள்ள. நீ குடுத்தததான் காலைல ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா போட்டுக்கறேன். மத்தவளுக மாதிரி நான் வீட்டுக்குக் கொண்டுபோயி மவளுக்குக் குடுக்கல."

அதைக் கேட்டும் இவளுக்கு உறைக்கவில்லை. பெயரைச் சொல் என்று மித்ரா பாபு நெருக்கியதும் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே ஆமினாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க என் தலைக்கு மேல் நடைச் சத்தம்தான். அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்துகொண்டிருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் பாதித் தட்டில் எழுந்துவிடுவாள், ரயிலுக்கு நேரமிருக்கும்போதே ஸ்டேஷனுக்கு ஓடுவாள். "உட்காருடி, எனக்குத் தலை சுத்தறது" என்று அதட்டினேன்.

"அவங்க போயும் குழி நிக்கலக்கா. குறைஞ்சிருக்கு, ஆனா நிக்கல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், காவலாளியைத் திறக்கச் சொல்லித் தனியாகத் தொழிற்சாலைக்குள் போனாள். இரண்டு துண்டுத் தகடு எடுத்தாள். ஒன்றைத் தேங்காய் எண்ணெய் பட்ட கையால் அழுத்தினாள். இன்னொன்றை, தன் தலையைக் கோதிய கையால் அழுத்தினாள். இரண்டையும் வழக்கம்போல மருந்துத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, பெயிண்ட் அடித்தாள். எண்ணெய்த் தகடு கண்ணாடி மாதிரி வந்தது. அவள் தலைமுடி பட்ட தகட்டில் ஐந்து விரலும் குழிகுழியாக எழுந்து நின்றன.

விஷயம் சிலிகோன். முடியைச் சுற்றி மெல்லிய போர்வையாக ஒட்டி வழுவழுப்பாக்குவது அதுதான். எண்ணெய் கழுவினால் போய்விடும், இது லேசில் போகாது. கையிலிருந்து தகட்டுக்கு ஏறினால், கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலத்தின்மேல் பெயிண்ட் நிற்காமல் விலகி ஓடும். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் டைமெத்திகோன் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. படித்த படிப்பில் வந்த பெயர்தான். தலையில் தடவுகிற சாமானில் அது இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

மத்தியானம் என் வாசலில் வந்து நின்று அழுதாள். "நாந்தான்க்கா. நான் சொன்னத ஒழுங்காச் செஞ்சது அவங்க ஒருத்தங்கதான். அவங்களப் போயி..."

எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. "என்கிட்ட எதுக்குடி அழற? சொல்ல வேண்டிய இடத்துல போய்ச் சொல்லு" என்றேன்.

மறுநாள் மித்ரா பாபுவிடம் சொன்னாள். அவருக்குக் கிரீமை நிறுத்தினால் போதும். பொறியாளரே தப்பு செய்ததாகத் தெரிந்தால் நாளைக்கு எவள் மதிப்பாள், ஆமினா இடத்துக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்றாராம். இவள் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, காலையில் என்னிடம் மனப்பாடம் செய்துகொண்டு போன வங்காளத்தை ஒப்பித்தாள். ஆமினா தோஷ் கொரேனி, தோஷ் ஆமார். ஆமினா தப்பு செய்யவில்லை, தப்பு என்னுடையது. மித்ரா பாபு வேறு வழியில்லாமல் ஆமினாவை வரச் சொன்னார்.

சாயங்காலம் இவளே ஆமினா வீட்டுக்குப் போனாள். ஆமினா உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "ஆணையிட்டுச் சொன்னேனே, ஏன் புள்ள நம்பல?" என்று மட்டும் கேட்டாள். "சரி, நாளைக்கு வாறேன்" என்றாள் ஆமினா. அந்த ஒரு வார்த்தையை இவள் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நினைத்தேன்.

ஆமினா வந்தாள். கதவுகளில் இப்போது ஒரு குழிகூட இல்லை. மதியம் டிபன் டப்பாவோடு, "ஆமினாக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே சாய்பிரியா போயிருக்கிறாள். வங்காளிப் பெண்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆமினா, மேலதிகாரிக்கு எழுவதுபோல எழுந்து நின்று, "போலுன், மேடம்" என்றாளாம். சொல்லுங்கள் என்று, வங்காளத்தில்.

இன்றுவரை அப்படித்தான். இவள் தமிழில் கேட்பாள், ஆமினா வங்காளத்தில் பதில் சொல்வாள். கேட்டதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. மரியாதையில் குறை சொல்ல முடியாது. "நீ கொஞ்ச நாள் விடு, ஆறிடும்" என்று நேற்றுச் சொன்னேன்.

"ஆறுச்சா ஆறலையான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவங்க பேசுறது எனக்குப் புரியலயே. தமிழ்ல ஒரு வார்த்த திட்டினாக்கூடப் போதும்க்கா" என்றாள்.