பத்துமலை அண்ணன் வைத்த படையல்

பத்துமலை அண்ணன் முதன்முதலாக மீன் கறி வைத்த அன்று எங்கள் வீட்டு வரிசையே வாசலுக்கு வந்துவிட்டது. காய்ந்த எண்ணெயில் மிளகாய்த் தூளை நேராகக் கொட்டியிருக்கிறார் மனிதர். புந்தோங்கில் எங்களுடையவை சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டுப் பிள்ளை தும்மினால் பக்கத்து வீட்டில் இருந்து 'நூறு' என்று வாழ்த்துவோம். அன்று எல்லா வீட்டிலும் தும்மல். யார் யாருக்கு நூறு சொல்வது என்று தெரியவில்லை.

நான் பக்கத்து வீட்டுத் துளசி. வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். என் மெஷினுக்கும் அவர் அடுப்புக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு செங்கல் சுவர். அதனால் அவர் சமையல் கற்ற கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. சுவருக்குக் காது இருக்கிறது என்பார்கள். எங்கள் சுவருக்கு மூக்கும் உண்டு.

அண்ணன் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறார். அறுபதை நெருங்கிவிட்டார். அவருடைய அப்பாவும் அம்மாவும் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். முதலாளி தோட்டத்தை விற்று, அங்கே வீடுகள் கட்டத் தொடங்கியதும் இங்கே வந்து சேர்ந்த குடும்பம். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். ஹார்னைக்கூட அளவாகத்தான் அடிப்பார். மனைவி பாப்பா அக்கா இருந்தவரை அடுப்படி என்பது அவருக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் இடம், அவ்வளவுதான்.

பாப்பா அக்கா போன வருஷம் மார்கழியில் போய்ச் சேர்ந்தாள். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் 'கொஞ்சம் தலை சுத்துது துளசி' என்று உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை.  நல்லவர்களுக்குத்தான் கடவுள் முதலில் சீட்டுக் கிழிக்கிறான். அவனிடம் எனக்கு இது சம்பந்தமாக இன்னும் கோபம் இருக்கிறது.

அக்கா போன பிறகு அண்ணன் கடைச் சோறுதான். காலையில் ரொட்டி சானாய், மத்தியானம் கிடைத்தது, ராத்திரிக்கு ஏதாவது தப்பாவ் பண்ணிக்கொண்டு வருவார். பிளாஸ்டிக் பையில் கட்டிய அந்தக் குழம்பைத் தட்டில் ஊற்றக்கூட மாட்டார். பையைக் கிழித்து அப்படியே தின்பார். ஏற்கனவே இனிப்பு நீர் வியாதி உள்ள உடம்பு. சித்திரை மாதம் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் மகளுக்கே போன் போட்டுவிட்டார்.

மகள் பிரமிளா கமுந்திங்கில் இருக்கிறாள். ஒரே பிள்ளை. அவளும் புருஷனும் அங்கே தொழிற்பேட்டையில் வேலை. போன் வந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து நின்றாள்.

"அம்மாவோட வருஷப் படையல் முடிஞ்சதும் நீங்க எங்ககூட வாரீங்கப்பா. இந்த வீட்ட வாடகைக்கு விட்டுறலாம்" என்றாள்.

"எனக்கு இங்க என்ன கொறச்சல்?"

"சோறுதான் கொறச்சல். இப்படிக் கடையிலேயே தின்னுக்கிட்டிருந்தா நான் உங்களையும் தூக்கிக் குடுக்கணும். என்னால முடியாதுப்பா."

அவள் சொன்னதில் தப்பில்லை. பெற்றவளைப் பறிகொடுத்த பெண், பயப்படத்தான் செய்வாள். ஆனால் அண்ணன் முகத்தையும் நான் பார்த்தேனே. மகள் வந்து போன பிறகு கொல்லைப் பக்கம் நின்று என்னிடம் சொன்னார்: "அங்க போனா நான் என்ன செய்வேன் துளசி? பஸ் இல்ல, நம்ம கோயில் இல்ல. மருமவன் வீட்டு சோபாவுல ஓரமா குந்திக்கிட்டு, சோறு வருதான்னு பாக்கணும். அவங்க ரொம்ப நல்லாப் பாத்துக்குவாங்க. அதான்லா பயமா இருக்கு."

அடுத்த வாரம் மகளுக்கு அவரே போன் போட்டார். சுவர் வழியாக எனக்கும் கேட்டது.

"நானே சமைச்சுத் தின்னா என்ன?"

அந்தப் பக்கம் அவள் சிரித்திருக்க வேண்டும்.  அண்ணன், "சரி, படையல நானே சமைக்கிறேன். தின்னு பாத்துட்டு அப்புறம் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

அதன்பிறகுதான் நான் முதலில் சொன்ன மீன் கறி. தும்மல் அடங்கியதும் போய்ப் பார்த்தேன். கெம்போங் மீனைக் கரண்டியால் கிண்டு கிண்டென்று கிண்டியிருக்கிறார். சட்டியில் முள் மட்டும் மிதந்தது.

"அண்ணே, மீனுக்குக் கரண்டி போடக்கூடாது. சட்டியத்தான் புடிச்சு ஆட்டணும்."

"போன் வீடியோவுல அந்தப் பொம்பள கிண்டுனாளே?"

"அவ கோழி கிண்டியிருப்பா."

மனிதர் கோபிக்கவில்லை. அந்த முள் குழம்பையே அன்று சாப்பிட்டார். மறுநாளும் பசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தார்.

நான் ஒன்றும் அவருக்குக் குரு இல்லை. எனக்கு நேரமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. தைக்கிற இடத்திலிருந்தே கத்துவேன். "வெங்காயம் இன்னும் வதங்கல!" "தூளு கருகுது, தண்ணி தெளிங்க!" எல்லாம் வாசம் பிடித்துச் சொல்வதுதான். 'பச்சை வாசம் போகணும்' என்று நான் சொன்னதைப் புரிந்துகொள்ளவே அவருக்கு மாதக்கணக்கானது. பச்சை வாசம் என்றால் எந்த வாசம் என்று கேட்பார். அதை எப்படிச் சொல்வது? கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மசாலா வெந்து எண்ணெய் பிரியும்போது குவாலிச் சட்டியில் சத்தம் மாறுமாம். முப்பது வருஷம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு கியர் மாற்றிய காது அல்லவா, அது பிடித்துக்கொண்டது.

ஆனால் அவருடைய உண்மையான வாத்தியார் அவர் நாக்குதான். கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, சப்பென்று நக்கிப் பார்ப்பார். எதையாவது சேர்ப்பார். மறுபடியும் சப். பாப்பா அக்கா வைத்த கறி எப்படி இருந்தது என்று அவர் நாக்குக்குத் தெரியும், கைக்குத்தான் தெரியாது. அதனால் நாக்கு சொல்லச் சொல்லக் கை நடந்தது. நாக்கு கேட்காமல் சட்டியில் எதுவும் விழாது. ஒரு கறி இறங்குவதற்குள் பாதி வயிறு நிறைந்திருக்கும். நான் அதற்காக அவரைக் கேலி செய்வேன். ஆனாலும் ஐப்பசி வாக்கில் ஒரு நாள் கிண்ணத்தில் ஆட்டுக்கறி கொடுத்தனுப்பினார். சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தவள் கையை அப்படியே நிறுத்திவிட்டேன். பாப்பா அக்கா கறி. அதேதான். மெஷினைத் திறக்காமல் அன்று ஒரு பாட்டம் அழுதேன்.

கிளினிக்கில் சர்க்கரையும் இறங்கியிருந்தது. அதை மகளிடம் சொல்லச் சொன்னேன். "சொன்னா நம்பமாட்டா. தின்னாத்தான் நம்புவா" என்றார்.

வருஷப் படையல் நாள் வந்தது. எங்கள் வழியில் படையலுக்கு அசைவம் உண்டு. போனவர்கள் என்ன விரும்பித் தின்றார்களோ அதைச் சமைத்து வைக்கவேண்டும். பாப்பா அக்காவுக்கு ஆட்டுக்கறி என்றால் உயிர். அண்ணனுக்கு அதுதான் கைவந்த கறியும்கூட. பிரமிளாவும் மருமகன் மகேந்திரனும் காலையிலேயே வந்துவிட்டார்கள். காரில் இருந்து இரண்டு பெரிய காலிப் பெட்டிகளை இறக்கி நடுவீட்டில் வைத்தாள். அப்பாவின் துணிமணிகளுக்காம். அண்ணன் அவற்றைச் சுற்றி நடந்து அடுப்படிக்குப் போனார்.

பாப்பா அக்காவின் கூடப்பிறந்த அக்கா இருளாயியும் வந்திருந்தாள். எழுபது வயது, சாத்திரம் என்றால் தலைகீழாக நிற்பவள். வந்ததும் வராததுமாக அடுப்படி வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, படையல் கறிய ருசி பாக்கக்கூடாது. தெரியும்ல? செத்தவங்க வாய் வைக்கிறதுக்கு முன்ன நம்ம வாய் வைக்கக்கூடாது."

அண்ணன் கையில் இருந்த கரண்டி நின்றது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. காலம் காலமாகத் தெரிந்த வழக்கம்தான். ஆனால் நாக்கால் மட்டுமே சமைக்கத் தெரிந்த மனிதர் நாக்கைக் கட்டிப்போட்டு எப்படிச் சமைப்பார் என்று இத்தனை மாதத்தில் ஒருவரும் நினைக்கவில்லை, அவர் உட்பட.

"தெரியும்க்கா" என்றார். குரல் இறங்கிவிட்டது.

நான் வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, எல்லாம் முறையாக விழுந்தது. எண்ணெய் பிரிந்தது. கறி வெந்தது. இரண்டு முறை கரண்டி உள்ளங்கைப் பக்கம் தானாகப் போனது. இரண்டு முறையும் இருளாயி அக்கா தொண்டையைச் செருமினாள். அண்ணன் திருடனைப் போலக் கரண்டியைத் திரும்பச் சட்டியில் வைத்தார். வேர்த்துக் கொட்டியது அவருக்கு.

அக்கா படத்துக்கு முன் இலை போட்டுச் சோறும் கறியும் வைத்து, சாம்பிராணி காட்டினோம். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நின்றோம். போனவர்கள் வெட்கப்படாமல் நிம்மதியாகச் சாப்பிடவேண்டும் என்பதற்காக அப்படி. அண்ணன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை முகம்.

கொஞ்ச நேரம் கழித்து, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனோம். வரிசையாக இலை போட்டார்கள். பிரமிளா முதல் வாயை எடுத்து வைத்தாள். மென்றாள். தலையைத் தூக்கவில்லை. நானும் ஒரு வாய் வைத்தேன்.

கறியில் உப்பே இல்லை. குறைவு என்று சொன்னால்கூடப் பொய். ஒரு கல் உப்புகூட விழவில்லை. உப்பைக் கடைசியில்தான், ருசி பார்த்துப் பார்த்துச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்ப்பது அவர் பழக்கம். ருசி பார்க்கவில்லை, ஆகவே உப்பும் விழவில்லை. நாங்கள் எல்லாரும் அவர் நாக்கையே காவல் காத்தோம், உப்பு ஜாடியை ஒருவரும் பார்க்கவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். ஆனால் அன்று யாருக்கும் வாய் திறக்க மனம் வரவில்லை. மகேந்திரன் பாவம், அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தான். பிரமிளாவின் கண் நடுவீட்டுப் பெட்டிகள் பக்கம் போய் வந்தது.

அண்ணன் தன் இலையில் ஒரு வாய் வைத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. உட்கார்ந்து அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்தார்.

"யாரும் எந்திரிக்காதீங்க" என்றார்.

கையைக் கழுவினார். சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றினார். சுடுதண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றி, தீயைக் குறைத்து, மூடி போட்டார். கறித் துண்டுக்குள் உப்பு ஏறவேண்டும் அல்லவா, அதற்கு அவசரப்படக்கூடாது. இலையில் வைத்த கையோடு நாங்கள் காத்திருந்தோம். மூடியைத் திறந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு. சப். கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டார். சப். இன்னும் ஒரு சிட்டிகை உப்பு. அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள் பிரமிளா. அவள் பிறந்ததிலிருந்து அந்த மனிதரை அப்படி ஒரு இடத்தில் பார்த்ததில்லை.

கறி இறங்கியது. அதைக் கொண்டு அவர் எங்கள் இலைக்கு வரவில்லை. நேராக அக்கா படத்துக்குப் போனார். அங்கே இருந்த கறியை ஒரு கிண்ணத்தில் ஒதுக்கிவிட்டுக் கரண்டியைச் சாய்க்கப் போனார்.

"தம்பி, என்ன செய்றீங்க?" இருளாயி அக்கா பாதி எழுந்துவிட்டாள். "நாக்குல வச்ச கறி. எச்சிலு. அதப் படைக்கக்கூடாது."

அண்ணன் திரும்பினார். அவர் குரல் அப்போதும் உயரவில்லை.

"முப்பது வருஷத்துக்கு மேல அவ ருசி பாத்த கறியத்தான் நான் தின்னேன்க்கா. ஒரு நாள் உப்பு கூடுனதில்ல, கொறஞ்சதில்ல. தெனமும் அவ எச்சிலத்தான் தின்னுருக்கேன். நான் ருசி பாத்தத அவ ஒரு நாள் தின்னட்டும்லா."

ஊற்றினார். சோறு நனைகிற வரைக்கும் ஊற்றினார்.

இருளாயி அக்கா தங்கச்சி படத்தைப் பார்த்தாள்.  பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பளமும் ஒண்ணு வைங்க. அது இல்லாம அவளுக்குச் சோறு எறங்காது" என்றாள்.

அதன்பிறகுதான் எங்கள் இலைக்குக் கறி வந்தது. அந்தக் கறியைப் பற்றி நான் என்ன சொல்ல? மகேந்திரன் மூன்று முறை சோறு வாங்கினான். பிரமிளா குனிந்து சாப்பிட்டாள். கண்ணீர் ஓடியது, துடைக்கவும் இல்லை, சாப்பிடுவதை நிறுத்தவும் இல்லை. கடைசியில் இலையை விரலால் வழித்தாள், சின்ன வயதில் செய்வதுபோல.

சாயங்காலம் அவர்கள் கிளம்பினார்கள். பெட்டிகள் இரண்டையும் மகேந்திரன் வந்தபடியே காலியாகக் காரில் ஏற்றினான்.  பிரமிளா மட்டும் அடுப்படி வாசலில் நின்றாள்.

"அப்பா, கறி கொஞ்சம் போட்டுக் குடுங்க. ராத்திரிக்கு எடுத்துட்டுப் போறோம்."

அண்ணன் அலமாரியில் நல்ல மூடியுள்ள டப்பாவாகத் தேடி எடுத்தார். கறித் துண்டுகளாகப் பார்த்துப் பார்த்து நிரப்பி, இறுக்கி மூடி, துணியால் துடைத்து மகள் கையில் கொடுத்தார்.

"டப்பாவ மறக்காம திருப்பிக் கொண்டாந்துரு. எனக்கு வேணும்."