வெளிச்சத்தோடு நகர்ந்த மேஜை

ராஜபாளையத்தில் நான் கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கிய மாடியில் மூன்று கடைகளுக்கும் ஒரே கரண்ட் மீட்டர். பில்லை மூன்றாகப் பிரித்து ஆளுக்கொரு பங்கு கட்டவேண்டும். கடைக்கு ஒரு விளக்கும் ஒரு விசிறியும் மட்டுமே இருந்த காலத்தில் கட்டட உரிமையாளர் வைத்த வழக்கம் அது.

பக்கத்துக் கடையில் கடிகாரம் பழுதுபார்க்கும் பாய் இருந்தார். வெள்ளைத் தாடி, வலது கண்ணில் இடுக்கிய லென்ஸ். காலையிலேயே மேஜையை வராந்தாவுக்கு இழுத்துவிடுவார். வெளிச்சம் நகர நகர மேஜையும் நகரும். காற்றுக்காக என்று நினைத்திருந்தேன்.

ஒரு மாலை அவர் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க பாய் கெளம்பிட்டிய?"

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கும்மா. மச்சான் கடை வாசல்ல மேஜை போட எடம் இருக்கு. இங்க கரண்டுக்குக் கட்டி முடியல. லைட்டே போடாமப் பாத்துட்டேன், இம்புட்டுகூடக் கொறையல."

என் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்த எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல பாய்? தனி மீட்டர் வச்சிருப்பேனே."

"நீங்க படிச்சவிய. தெரிஞ்சுதான் பேசாம இருக்கியன்னு நெனச்சேன்" என்றார், கோபமே இல்லாமல்.

சென்டர் தொடங்குமுன் நான் எழுதிய பட்டியலில் பதினேழு வரிகள். நாற்காலிகளுக்கு ஒரு வரி, பெயர்ப் பலகைக்கு ஒரு வரி. யார் கரண்டுக்கு யார் கட்டுவது என்று ஒரு வரி இல்லை.

"நெசமாத் தெரியாது பாய்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுச் சாக்கைத் தூக்கிக்கொண்டார். நம்பினாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.