தனித்தட்டு மார்க்கண்டு

ஷார்ஜாவில் அவனை வெறும் மார்க்கண்டு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தனித்தட்டு மார்க்கண்டு என்றால்தான் தெரியும். தொழிற்பேட்டையில் ஒரு டயர் குடோனில் ஸ்டோர்கீப்பர், யாழ்ப்பாணத்துக்காரன். விருந்து என்று எங்கே போனாலும் கையில் ஒரு துணிப்பை இருக்கும். பைக்குள் விளிம்பு உயர்ந்த ஒரு சில்வர் தட்டு. அந்தத் தட்டில்தான் சாப்பிடுவான். தண்ணீர் குடித்தால் அண்ணாந்து குடிப்பான், உதட்டில் பாட்டில் படாது.

நான் சாதிக் பாட்ஷா, கீழக்கரை. துபாய் தேராவில் சூட்கேஸ் கடையில் வேலை. எங்கள் ஊரில் சஹன் சாப்பாடு. பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, நாலு கையும் அந்த ஒரே சோற்றில் இறங்கும். நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவன் பக்கம் தள்ளுவதுதான் மரியாதை. அப்படி வளர்ந்த எனக்கு இவன் ரூம்மேட்டாக வந்து வாய்த்தான். என் தலையெழுத்து.

ஷார்ஜா ரோலாவில் நாங்கள் ஒரே ரூமில் இருந்த காலத்தில், நோன்பு மாதம் வந்தால் எதிர் ரூம் பட்டாணி டிரைவர் பெரிய தட்டு நிறையச் சோறும் ஆட்டுக்கறியும் வைத்து “ஆவோ பாய்” என்று கூப்பிடுவார். மார்க்கண்டு வயிற்றைத் தடவிக்கொண்டு “பேட் கராப்” என்பான். வருடக்கணக்கில் ஒருவனுக்கு வயிறு கெட்டே கிடக்குமா? அந்த நல்ல மனுஷன் நம்பி, பெஷாவரிலிருந்து ஏதோ விதையெல்லாம் வரவழைத்துக் கொடுத்தார். இவனும் வெட்கமில்லாமல் கரைத்துக் குடித்தான்.

சாதி பார்க்கிறானோ என்று எனக்குச் சந்தேகம். மனதில் வைத்துப் புழுங்குகிற ஆள் இல்லை நான். நேராகவே கேட்டேன்.

“எங்க கை உனக்கு ஆகாதா?”

“அப்பிடியில்லை பாட்ஷா. சுகந்தான்ர தட்டிலயும் நான் கை வச்சதில்லை. பிள்ளை மிச்சம் விட்டதையும் சாப்பிட்டதில்லை. ஏனெண்டு எனக்கே தெரியாது. கை போகுதில்லை.”

சுகந்தா அவன் மனைவி. மகள் கஜானி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சுகந்தா நோயில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவன் சொன்னதை நான் நம்பினேன். ஆனால் நம்புவது வேறு, பொறுத்துக்கொள்வது வேறு. பிறகு என் வீட்டுக்காரி ஜுலைஹா பீவி இங்கே வந்தாள். பெருநாள்தோறும் எங்கள் சஹனுக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு தட்டு வைப்பாள். அவன் சந்தோஷமாகத்தான் சாப்பிடுவான். எனக்குத்தான் இருபது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு பெருநாளும் சோறு தொண்டையில் நின்று இறங்கும்.

கஜானி வளர்ந்து, துபாயில் ஒரு பல் கிளினிக்கில் வேலைக்கு வந்தாள். அங்கே எக்ஸ்ரே எடுக்கும் ரோமெல் என்ற பிலிப்பைன்ஸ் பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போனது. மார்க்கண்டு முதலில் முகத்தைத் தூக்கினான். பையனைப் பார்த்த பிறகு குறை சொல்ல அவனுக்கே வாய் வரவில்லை. அவ்வளவு பதவிசான பையன். சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. ரோமெலைத் தனியாளாக நின்று வளர்த்தவர் அவனுடைய அம்மா கொராஸோன். அவர் சம்மதிக்காமல் தாலி கட்ட மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். அந்த அம்மா விசிட் விசாவில் வந்திருந்தார், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்புகிறார். சனிக்கிழமை மத்தியானம் துபாய் ரிக்காவில் ஒரு பிலிப்பைன்ஸ் சாப்பாட்டுக் கடையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. மார்க்கண்டு பக்கத்துக் குடும்பம் என்றால் நான்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீட்டுக்கு வந்தால், அவன் எனக்கு முன்னால் வந்து சோபாவில் உட்கார்ந்திருக்கிறான். முகம் வெளிறிக் கிடந்தது.

“கஜானி இப்பதான் சொன்னவள். அவை ஒரே இலையில, எல்லாரும் சேர்ந்து, கையாலதான் சாப்பிடுவினமாம். அதுதான் அவையின்ர வழக்கமாம். ‘ஒரு வாய் சாப்பிட்டாக் காணும் அப்பா’ எண்டு கெஞ்சிறாள்.”

“சரி, சாப்பிட மாட்டேன்னா?”

“கனடாவில சுகந்தான்ர தமக்கையிட்டப் போறதுக்குக் காகிதமெல்லாம் சரியாம். இது முறிஞ்சால் இஞ்ச இருக்கமாட்டாள். ‘உங்களில கோபமில்லை அப்பா, ஆனா இருக்கமாட்டன்’ எண்டவள்.”

அவள் மிரட்டுகிற பிள்ளை இல்லை. சொன்னால் செய்வாள். அதுதான் அவனுக்குப் பயம். ஒற்றைப் பிள்ளை, அவளும் விமானம் ஏறிவிட்டால் இந்த மனுஷனுக்கு டயரும் குடோனும்தான் மிச்சம்.

“பாட்ஷா, உங்கட சஹனில இண்டைக்கு ஒருக்கா இருந்து பாக்கட்டே?” என்றான்.

ஒத்திகை பார்க்க என் வீடு. கோபம் வந்தாலும் அடக்கிக்கொண்டேன். ஜுலைஹா சோறும் மீன் குழம்பும் போட்டாள், மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். நான் பிசைந்தேன், அவளும் கை வைத்தாள். அவன் கை தாம்பாளத்தின் விளிம்பு வரை வந்து நின்றது. விரல்கள் குவிந்தன, விரிந்தன, திரும்பவும் குவிந்தன. நெற்றியில் வேர்வை. சோறு ஆறியது. கடைசியில் ஜுலைஹா எழுந்து போய் அவன் தட்டை எடுத்து வந்தாள்.

“பாவங்க அண்ணன், விடுங்க” என்றாள் என்னிடம், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

மறுநாள் கஜானியும் சேர்ந்து மூன்று பேரும் என் வண்டியில் போனோம். இறங்கும்போது துணிப்பையை அவன் கையிலிருந்து கஜானி வாங்கி வண்டியிலேயே வைத்துவிட்டாள்.

“இண்டைக்கு வேண்டாம் அப்பா.”

கடை முழுக்கக் குடும்பங்கள். குழந்தைகளுக்கு உயர நாற்காலி, சுவரில் பலூன், பக்கத்து மேசையில் யாருக்கோ பிறந்தநாள். பூண்டும் வினிகரும் சேர்ந்து மூக்கில் ஏறியது. பன்றி உண்டா என்று நான் முன்தினமே போன் போட்டுக் கேட்டு, “மாஃபி, மாஃபி”, இல்லவே இல்லை, என்று பதில் வாங்கியிருந்தேன். ரோமெல் ஓடி வந்து மார்க்கண்டுவின் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான், பிறகு என் கையையும். பெரியவர்களுக்கு அவர்கள் மரியாதை அப்படி.

நீள மேசையில் வாழையிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நடுவில் சோற்றை வரப்பு மாதிரி நீளமாகக் குவித்திருந்தார்கள். அதன்மேல் சுட்ட பால்மீன், இறால், கத்தரிக்காய், உப்பு முட்டை, மாங்காய்க் கீற்று. ஓரத்தில் கிண்ணங்களில் புளிச்சாறு, நம் ரசத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். தட்டு என்று ஒன்று மேசையில் எங்கும் இல்லை, ஓர் இடத்தைத் தவிர. மார்க்கண்டுவுக்கு ஒதுக்கிய நாற்காலிக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தட்டு, பக்கத்தில் கரண்டியும் முள்ளும்.

கஜானியின் முகம் செத்துவிட்டது. அப்பாவின் பழக்கத்தை ஏதோ பேச்சுவாக்கில் ரோமெலிடம் சொல்லியிருக்கிறாள். அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். தட்டு வைத்தது யார் என்பதை எதிரே உட்கார்ந்திருந்த கொராஸோனின் முகமே சொன்னது. குட்டையான, உறுதியான பெண்மணி. சிரிக்கவில்லை.

அவர் சோற்றில் விரல் பதித்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, நேராக மார்க்கண்டுவிடம் அரபியில் பேசினார். அவருடையது வீட்டு வேலை செய்து கற்ற அரபி, இவனுடையது குடோனில் கற்ற அரபி. இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின. மேசையில் எனக்கும் புரிந்தது, அதுதான் என் கஷ்டம்.

“குவைத்தில் நிறைய வருஷம் நான் வீட்டு வேலை செய்தேன். எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர். இரண்டும் சிங்க்குக்கு அடியில், சோப்பு வாளிக்குப் பக்கத்தில் இருக்கும். பிள்ளைகளுக்கு என் கையால்தான் ஊட்டுவேன். அப்போது கை சுத்தம். ஆனால் என் தட்டு அவர்கள் தட்டோடு சேரக் கூடாது.”

கொராஸோன் அந்த வெள்ளைத் தட்டைக் காட்டினார்.

“இன்றைக்கு உனக்கு நானே தனித்தட்டு வைத்தேன். உன் மகள் என் வீட்டுக்கு வருவாள். அவள் பிள்ளை என் கையால் சாப்பிடும். அதைப் பார்த்து நீ முகம் சுளிப்பாயா? இப்போதே சொல்லு. கோபம் மாஃபி. ஆனால் கலாஸ்.”

கலாஸ் என்றால் எல்லாம் முடிந்தது. கஜானிக்கும் அந்த ஒரு வார்த்தை புரியும். மேசைக்கு அடியில் அவள் கை என் சட்டை நுனியைப் பிடித்தது. பக்கத்து மேசையில் கை தட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள், எனக்கு எழுந்து போய் வாயை மூடச் சொல்லலாமா என்றிருந்தது.

மார்க்கண்டு தன் வலது கையை விரித்து அவரிடம் காட்டினான்.

“உன் கை இல்லை. என் கை. என் மனைவியோடும் நான் சாப்பிட்டதில்லை.”

கொராஸோன் அதை நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“நீ இவனுக்குச் சிநேகிதனா?”

“ஆமாம்.”

“உன்னோடு சாப்பிடுவானா?”

“இல்லை. இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட இல்லை. நேற்றுக்கூட இல்லை.” இத்தனை வருடம் வயிற்றில் கிடந்த மனத்தாங்கல் கடைசியில் அவனுக்குச் சாட்சி சொல்லப் போனது. சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது போல, ரோமெல் பயந்து பார்த்தான்.

அந்த அம்மா விடவில்லை. “அப்படியிருந்தும் சிநேகிதனா? ஏன்?”

“பழகிப்போச்சு” என்றேன்.

அப்போதுதான் மார்க்கண்டு அந்த வெள்ளைத் தட்டை எடுத்தான். கரண்டியையும் முள்ளையும் அதன்மேல் வைத்து, அந்தப் பக்கம் வந்த பணிப்பெண்ணிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு போனாள். இனி அவனுக்கு ஒளிய இடம் இல்லை.

கை இலை ஓரத்துக்கு வந்தது. நேற்று நின்ற அதே மாதிரி நின்றது. விரல்கள் குவிந்து விரிந்தன. கஜானி கண்ணை மூடிக்கொண்டாள். போடா, போடா என்று நான் உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அல்லாஹ்வே, இந்த ஒரு கையை ஒரு சாண் நகர்த்திவிடு என்று கேட்டேன்.

கை போனது. ஓரத்தில் யாரும் தொடாத சோறு இருந்தது, அதை அவன் எடுக்கவில்லை. கொராஸோன் விரல் பதித்த இடத்துக்கே போய் அள்ளினான். வாயில் வைத்தான். மென்றான், விழுங்குவதற்கு வெகுநேரம் எடுத்தது. கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது. உடனே இன்னொரு வாய் எடுத்தான். கண்ணில் நீர் கட்டியிருந்தது, உணர்ச்சியில் அல்ல, குமட்டலில். எனக்கு அது தெரியும். அந்த அம்மாவுக்கும் தெரிந்தது.

மூன்றாம் வாய்க்குக் கை போனபோது அவர் மெல்ல அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கலாஸ், பாபா. போதும்.”

இந்தக் கலாஸ் வேறு. அவர் முகம் இளகியிருந்தது. மார்க்கண்டு தலையாட்டி, கையை விடுவித்துக்கொண்டு, அந்த மூன்றாம் வாயையும் சாப்பிட்டான். கொராஸோன் பால்மீனில் முள் எடுத்து ஒரு துண்டை அவன் முன்னால் வைத்தார். அதையும் தின்றான். பிறகு மகனிடம் தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். ரோமெல் சிரித்துக்கொண்டே கஜானியிடம் இங்கிலீஷில் சொன்னான், அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

“என்ன பிள்ளை, என்ன கேக்கிறா?” என்றான் மார்க்கண்டு.

“கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் வாறதெண்டா, எந்த மாசம் மழை இருக்காதெண்டு கேக்கிறா அப்பா.”

“வைகாசி” என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

எல்லோரும் இலையில் கை வைத்தோம். நான் அவன் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்க்கிறேன், என் விரலும் அவன் விரலும் ஒரே சோற்றில் கிடந்தன. நான் ஒரு இறாலை அவன் பக்கம் தள்ளினேன். அவன் எடுத்துத் தின்றான். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

கஜானி ரோமெலோடு அங்கேயே இருந்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஷார்ஜாவுக்குத் திரும்பினோம். அல் நஹ்தா தாண்டியதும் ஒரு பெட்ரோல் பங்க் பக்கம் “நிப்பாட்டும்” என்றான். இறங்கிப் போய்க் குழாயடியில் வாயைக் கொப்பளித்தான், மறுபடி மறுபடி. வந்ததும் என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அண்ணாந்து ஊற்றிக்கொண்டான். ஒரு சொட்டுகூட உதட்டில் படவில்லை.

அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

“நேத்து என் வீட்டுல இந்தக் கை எங்கப்பா போச்சு? இத்தனை பெருநாள். ஜுலைஹா உனக்குத் தட்டு வச்சு வச்சே கிழவியாயிட்டா. எனக்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள் அது வரலையே.”

அவன் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தான், மடித்தான், பையில் வைத்தான்.

“நீர் என்னை விட்டிட்டுப் போகமாட்டீர் எண்டு எனக்குத் தெரியும் பாட்ஷா” என்றான். “அவள் போயிடுவாள்.”

திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். அவன் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, மிச்சத் தண்ணீரை நான் வாய் வைத்தே குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.