நீல விளக்கு எரியாத வெள்ளிக்கிழமை

என் மகளுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு நேர்காணல். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம், ஆராய்ச்சிப் படிப்பு, உதவித்தொகையோடு. மூன்று பேராசிரியர்கள் அங்கே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். இவள் கம்பம் ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில், எங்கள் வீட்டு அறையில் இருந்து பதில் சொல்ல வேண்டும். வேறு நாள் ஒதுக்க இயலாது என்று மின்னஞ்சலில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவளைவிட நான்தான் அதிகத் தடவை படித்திருப்பேன்.

புதன்கிழமை காலை சாக்கடை தோண்ட வந்த ஜேசிபி, தெருவுக்கு வரும் இணையக் கேபிளைத் துண்டாக்கியது. கேபிள்காரரிடம் கேட்டால் சனிக்கிழமை என்றார். செல்போனை நம்பலாம் என்றால், எங்கள் வீட்டில் அது இந்தியாவின் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று முடிவு செய்யாத கருவி. வாசலில் நின்றால் தமிழ்நாடு, கொல்லைக்குப் போனால் மலைக்கு அந்தப்பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு கேரளம் உங்களை வரவேற்கிறது என்று செய்தி அனுப்பும். வீடியோ பேசினால் ஆள் பாதியில் உறைந்து, வாய் திறந்தபடி நிற்பார்.

அதனால் வியாழக்கிழமை மாலை கம்பம் கடைவீதிக்குப் போனேன். செல்போன் கடை வைத்திருக்கும் பாய் எனக்குப் பல வருடப் பழக்கம்.

"டாங்கிள் வாங்கிக்கங்க சார். வேற கம்பெனி சிம்மு. அவுக டவர் ஒங்க ஊரு திராட்சைத் தோட்டத்துக்குள்ளயே நிக்குது. சொருகுனா போதும், நீல லைட்டு எரியும், நெட்டு வந்துரும்" என்றார்.

"மகளோட மேக் லேப்டாப்புல வேலை செய்யுமா பாய்?"

"மேக்கா? அதுல பெரிய ஓட்டையே கிடையாதுல்ல. இந்தாங்க, இதையும் சேத்துக்கங்க." டாங்கிளைச் செருகுவதற்கு ஒரு பக்கம் பெரிய வாயும், மேக்கில் செருகுவதற்கு மறுபக்கம் சின்ன மூக்கும் உள்ள ஒரு இணைப்பானைக் கொடுத்தார். தன் கடைக் கம்ப்யூட்டரில் டாங்கிளைச் செருகிக் காட்டினார். நீல விளக்கு எரிந்தது. நான் கண்ணால் பார்த்தேன். இதைப் பின்னால் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

அன்று இரவு மகள் ஒத்திகையில் இருந்தாள். காலையில் போட்டுப் பார்க்கலாம் என்றாள்.

இப்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியன். இருபத்து மூன்று வருடமாகப் பிள்ளைகளுக்கு மின்னோட்டம் நடத்துகிறேன். இணைப்பு முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே மின்சுற்றை மூட வேண்டும் என்று ஒவ்வொரு செய்முறை வகுப்பிலும் தொண்டை கிழியக் கத்துகிறவன். அதேசமயம், ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ஆய்வகத்து அம்மீட்டர், வோல்ட்மீட்டர் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, கண்ணாடி மேல் சந்தனம் குங்குமம் வைக்கிறவனும் நான்தான். இரண்டுக்கும் நடுவே இதுவரை சண்டை வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை மனைவி பூஜைக்குச் சந்தனம் இழைத்து வைத்திருந்தாள். மகள் குளிக்கப் போயிருந்தாள். டாங்கிள் மேஜை மேல் இருந்தது. புதுப்பொருள், வெள்ளிக்கிழமை, மூன்று பேராசிரியர்கள். கை தானாகப் போயிற்று. உடம்பெல்லாம் வழுவழுவென்று கறுப்பு பிளாஸ்டிக், அதில் சந்தனம் ஒட்டவில்லை. முன்னால் செருகுகிற உலோகப் பகுதியில் பார்த்தால், அருகருகே இரண்டு சின்னச் சதுரத் துளைகள். பொட்டு வைப்பதற்கென்றே செய்து அனுப்பியது போல இருந்தன. துளைக்கு ஒன்றாகத் தாராளமாக வைத்தேன். மேலே குங்குமம். கும்பிட்டேன். மகள் பார்த்தால் சிரிப்பாள் என்று, வெளியே தெரிந்ததைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, இணைப்பானையும் மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஒன்பது மணிக்கு மகள் அதை மேக்கில் செருகினாள். ஒன்றும் நடக்கவில்லை.

எடுத்துச் செருகினாள். அடுத்த துளையில் செருகினாள். மேக்கை அணைத்துப் போட்டாள். செட்டிங்ஸுக்குள் போய் நெட்வொர்க் பட்டியலில் தேடினாள். அப்படி ஒரு பொருள் உலகத்திலேயே இல்லை என்பது போல இருந்தது மேக்.

"அப்பா, கடையில எரிஞ்சதுன்னு சொன்னீங்கல்ல?"

"கண்ணால பாத்தேன் பாப்பா."

"அப்ப இந்த மேக்குக்கு ஏதோ டிரைவர் சாஃப்ட்வேர் வேணும் போல."

"டிரைவர் இல்லாட்டியும் லைட்டு எரியணும். மின்சாரம் உள்ள போனாப் போதும், அதுக்கு மொழி தெரிய வேண்டியதில்ல" என்று நான் விளக்கினேன். ஓம் விதியில் ஆரம்பித்தேன். எங்கோ மின்தடை அதிகமாக இருக்கிறது, தொடுமுனையில் ஏதோ படிந்திருக்கலாம் என்றுகூடச் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். மேக்கின் துளைகளை டார்ச் அடித்துப் பார்த்து ஊதினேன். நான் சந்தேகப்பட்டது மேக்கைத்தான்.

பதினோரு மணிக்கு வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். போன் அந்த நேரத்தில் கேரளத்தில் இருந்தது போலிருக்கிறது, ஒரு பெண் மலையாளத்தில் வணக்கம் சொன்னாள். மனைவி போனைப் பிடுங்கினாள். அவள் அப்பா குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர். "மோளே" என்று ஆரம்பித்தவள், மகள் வயது, நேர்காணல், ஜேசிபி, ஜெர்மனி எல்லாவற்றையும் மலையாளத்தில் சொல்லி முடித்தாள். அந்தப் பெண்ணும் ஏதோ நீளமாகச் சொன்னாள். மனைவி உச்சுக்கொட்டினாள்.

"என்ன சொல்லுது?"

"அந்தப் புள்ளைக்கும் தங்கச்சி ஒருத்தி படிக்கிறாளாம்."

"டாங்கிளுக்கு என்ன சொல்லுது?"

"விண்டோஸுல போட்டுப் பாக்கச் சொல்லுது."

மகள் நகத்தைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள். மேக்கைத் தூக்கிக்கொண்டு கம்பத்தில் ஏதாவது லாட்ஜில் அறை எடுத்து உட்காரலாம் என்றேன். பஸ் ஸ்டாண்டு ஹாரன் சத்தத்தில் என்ன பேசுவது, அமைதியான இடம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்களே என்றாள். அப்புறம் சத்தமில்லாமல், "வரலைன்னு மெயில் போட்டுரவாப்பா?" என்றாள்.

"போடாத. ரெண்டு மணி வரைக்கும் போடாத." டாங்கிளையும் இணைப்பானையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

கடை ஷட்டர் இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை. பகல் ஒரு மணி. ஜும்மா. காலையில் சந்தனம் வைக்க ஞாபகம் வந்த அதே வெள்ளிக்கிழமை, பாய்க்கும் வெள்ளிக்கிழமையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஷட்டர் முன்னால் நின்றேன். பக்கத்துப் பழக்கடைக்காரர் ஸ்டூல் போட்டார், உட்கார முடியவில்லை. திராட்சை ஒரு கொத்து கொடுத்தார், விழுங்க முடியவில்லை. "தொழுகை முடிஞ்சு இங்கனதான் வருவாக சார், எங்க போயிருவாக" என்று மூன்று தடவை சொன்னார்.

ஒன்று ஐம்பதுக்குப் பாய் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஷட்டரைத் தூக்கினார். டாங்கிளை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"மணக்குதே சார்."

நான் கடைக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"பூசை போட்டீகளா?"

"லேசா."

"லேசாவா?" ஊசியை விட்டு நெம்பினார். காய்ந்து கெட்டிப்பட்ட சந்தனம், ஒரு பக்கம் சிவந்து, கட்டியாக வந்து விழுந்தது. துளை வழியே உள்ளே இறங்கிய சந்தனம், இணைப்பானில் செருகச் செருக, தொடுமுனை நான்கின் மேலும் பூசி மெழுகினது போல ஆகியிருந்தது. "லேசா வச்சதே இம்புட்டுன்னா, நெறைய வச்சிருந்தா டாங்கிளைப் பொதைச்சிருக்கணும் சார். நீங்க அங்கன பள்ளிக்கூடத்துல கரண்டுப் பாடந்தான எடுக்கீக?"

"ஆமா பாய்."

"சரி, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தோய்த்துத் தேய்த்தார். இணைப்பானின் வாய்க்குள்ளும் அதே கதை. அதைத் தூர வைத்துவிட்டு வேறு புதிது பிரித்தார். டாங்கிளைத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். நீல விளக்கு. "பாப்பாவுக்கு நல்லபடியா முடியும், நானும் துவா செய்யுறேன். நீங்க இன்னிக்கி இதுக்கு மேல ஒண்ணும் செய்யாதீக" என்று என் கையில் வைத்தார்.

வீட்டுக்குள் நுழையும்போது இரண்டு பதினெட்டு. மகள் நேர்காணல் சட்டை போட்டு, தலை சீவி, திறந்த மேக் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். மெயில் போடவில்லை. செருகினாள். நீல விளக்கு எரிந்தது. இந்தக் கருவியை இணைக்க அனுமதிக்கலாமா என்று மேக் கேட்டது. இத்தனை நேரம் இருப்பதையே ஒப்புக்கொள்ளாதது, இப்போது மரியாதையாக அனுமதி கேட்டது. அனுமதித்தாள். இணையம் வந்தது. அறைக்கதவு சாத்தப்பட்டது.

முக்கால் மணி நேரம் நானும் மனைவியும் அடுப்படியில் நின்றோம். மிக்ஸி போடவில்லை, குழாய் திறக்கவில்லை. கொல்லையில் ஆடு கத்தியதற்கு மனைவி சன்னல் வழியே அதைக் கும்பிட்டாள். அறைக்குள்ளிருந்து ஆங்கிலம் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் சிரிப்புச் சத்தமும் கேட்டது.

வெளியே வந்தவள், "நல்லாத்தான் போச்சு" என்றாள். "டாங்கிள்ல என்னப்பா பிரச்சினை?"

"தூசி" என்றேன்.

மனைவி சந்தனக் கல்லைக் கழுவிக்கொண்டே, "வெள்ளிக்கிழமத் தூசி" என்றாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மகளை எடுத்துக்கொண்டார்கள். அந்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கம் சரியில்லை. இப்போதும் எங்காவது நீல விளக்கைப் பார்த்தால் நெஞ்சு ஒருமுறை இடித்துவிட்டுத்தான் அடங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தொடுமுனை பற்றிச் சொல்ல வரும்போது குரல் இறங்கிவிடுகிறது.

மகள் கிளம்புகிற நாள் காலையில் மேக்கை மூடி என் முன்னால் நீட்டினாள். மறுகையில் சந்தனக் கிண்ணம்.

"வைங்க. மூடி மேல, நடுவுல. ஓரத்துல ஓட்டை இருக்கு, அந்தப் பக்கம் கை போகக்கூடாது."

"ஒனக்கு யாரு சொன்னா?"

"எனக்கு மூக்கு இருக்குப்பா. அந்த இன்டர்வியூ முடியுற வரைக்கும் கோயிலுக்குள்ள உக்காந்த மாதிரி இருந்துச்சு."

மிளகு அளவுக்கு எடுத்தேன். மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், பாசத்தில் இல்லை, காவலுக்கு. மூடியின் நடுவில் வைத்தேன். காய்ந்த பிறகுதான் மேக்கைப் பைக்குள் வைக்க மனைவி அனுமதித்தாள்.